வுழுமா, வுழாதா

நவம்பர் 17, திங்கள்

"வுழுமா, வுழாதா? அத்த மட்டும் சொல்லு மேடம்."

தலைக்கு மேலே போகிற கேபின் விழுமா என்ற கேள்வி. ரோப்வே திறந்த நாளிலிருந்தே என்னைத் துரத்துகிறது.

கேட்டவர் அஸ்மத்துன்னிசா. பட்டினப்பாக்கத்தில் எங்கள் இரண்டாம் டவருக்குப் பக்கத்தில் இருக்கிற வீடு. அங்கே கடற்கரையில் இருக்கும் ரோப்வே ஸ்டேஷனிலிருந்து கிளம்பி, அடையாறு முகத்துவாரத்தைத் தாண்டி, பெசன்ட் நகர்ப் பக்கம் போய் இறங்கும் எங்கள் கம்பி ரோப், அவருடைய கூரைக்கு நேர் மேலே போகிறது. நிமிடத்துக்கு ஒரு கேபின். உள்ளே செல்போனைக் கீழே நீட்டிக்கொண்டு நாலைந்து பேர். கீழே அவர் ஆரி வேலைச் சட்டத்தில் பட்டுத்துணியை இழுத்துக் கட்டி, தி. நகர் கடைகளுக்காகக் கல்யாண ரவிக்கைகளுக்கு ஜரிகைப் பூ போட்டுக்கொண்டிருப்பார். என் வயதுதான் இருக்கும். நிமிர்ந்து பார்க்கவே மாட்டார். கேள்வியைக்கூட ஊசியைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார்.

சொன்னேன்: காற்று ஒரு அளவைத் தாண்டினால் நிறுத்திவிடுவோம். புயல் எச்சரிக்கை வந்தால் கேபின்களையே ரோப்பிலிருந்து கழற்றி உள்ளே அடைத்துவிடுவோம். விழுவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு.

"கொறவுன்னா இன்னா அர்த்தம்? வுழும், ஆனா நான் சொல்ல மாட்டேன்னு அர்த்தம்."

நான் இந்த ரோப்வேயின் பாதுகாப்பு இன்ஜினீயர், காற்றுச் சுமையைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள். என் விசிட்டிங் கார்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். வேறு என்ன கொடுப்பது?

நவம்பர் 20, வியாழன்

இரண்டாம் டவர் காற்றுமானி சில வாரங்களாகக் குறைவாகவே காட்டிக்கொண்டிருந்தது. கடற்கரையில் நிற்க முடியாமல் புடவை பறக்கிறது, கருவி தென்றல் என்கிறது. எல்லோரும் கருவியை நம்பினார்கள். எனக்கு என் புடவையில்தான் நம்பிக்கை. செந்தில்குமாரை ஏறிப் பார்க்கச் சொன்னேன். ரோப்பை ஓட்டும் குழுவின் தலைவன் அவன், பயம் இல்லாதவன்.

மேலிருந்து வாக்கிடாக்கியில் சிரித்தான். "மேடம், மால சுத்திக்கினு கீது மேடம்."

ஆயுத பூஜைக்கு எல்லாக் கருவிக்கும் சந்தனம் வைத்து மாலை போட்டார்களாம். காற்றுமானிக்கும். பூ உதிர்ந்து, நார் மட்டும் சுழலும் கிண்ணங்களைச் சுற்றி இறுகிவிட்டது. ஒரு காய்ந்த எலுமிச்சம்பழமும் இருந்ததாம்.

மேனேஜர் நிரஞ்சனிடம் சொன்னேன். "காத்துக்கே கட்டுப் போட்டுட்டாங்க பாருங்க மேடம்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனால் உள்ளே ஒரு திருப்தி இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா.

நவம்பர் 27, வியாழன்

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. தொலைக்காட்சியில் அம்புக்குறிகள். இப்போதைக்கு நம்பவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

தாழ்வு, மண்டலமாகிவிட்டது. இப்போது நம்புகிறேன்.

ராஜா அண்ணாமலைபுரம் ஆபீஸில் கூட்டம். கேபின்களை இன்றே ஷெட்டுக்குள் கொண்டுபோக வேண்டும் என்றேன். நிரஞ்சன் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "மேடம், இதெல்லாம் சென்னைக்கு வர்ற மாதிரி வரும். கடைசில ஆந்திராவுக்குப் போயிடும். எத்தனை வருஷமாப் பாக்கறோம்."

பத்துத் தடவை போனதால் பதினோராவது தடவையும் போகும் என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

தினமும் மாலை மூடும்போது கேபின்களைக் காலியாக ரோப்பிலேயே தொங்க விட்டுவிடுவது எங்கள் வழக்கம். புயலில் அதுதான் மோசம். ஆள் உட்கார்ந்தால் கனம் இருக்கும். காலிப் பெட்டி அட்டைப்பெட்டி மாதிரி ஆடும். ஆடி ஆடி டவரில் மோதும், ரோப்பைச் சக்கரத்திலிருந்து எகிற வைக்கும். இதை எல்லாம் சொன்னேன். "வியாழக்கிழமை பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார்.

டிசம்பர் 4, வியாழன்

இடது கண்ணுக்கு மேலே தையல். எழுதும்போது இழுக்கிறது.

மழை வரும் என்று பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். வழக்கம்போல் காலையில் வெயில். விடுமுறையும் வெயிலும் சேர்ந்தால் இந்த ஊர் வீட்டில் இருக்குமா? அலையைப் பார்க்க மொத்தக் கூட்டமும் பட்டினப்பாக்கத்துக்கு வந்துவிட்டது. கேபினுக்கு வரிசை தெரு வரைக்கும். மதியத்துக்கு மேல் காற்று திடீர் திடீரென்று அறைய ஆரம்பித்தது. ஒரு கேபின் ஸ்டேஷனுக்குள் நுழையும்போது தூணில் உரசியது. உள்ளே இருந்த குழந்தை வாந்தி எடுத்துவிட்டது. நான் நிறுத்தச் சொன்னேன்.

"இன்னா மூடுற? காலைலேந்து நிக்க வெச்சிட்டு இப்பப் போங்கன்றியா?"

"காத்துக்கு மூடறாங்களாம்டா! காத்து வாங்கத்தானடா பீச்சுக்கு வந்தோம்!"

அதற்குக் கூட்டம் சிரித்தது. சிரித்த கூட்டம் எப்படி அந்த மாதிரி ஆனது என்று தெரியவில்லை. கம்பித் தடுப்பை யாரோ பிடுங்கினார்கள். டிக்கெட் கவுன்ட்டர் கண்ணாடி போனது. செந்தில் கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றான். ஒருவன் அவன் வாயிலேயே குத்தினான், உதடு கிழிந்து தொங்கியது. ரத்தத்தோடு "பின்னாடி போ மேடம்" என்று என்னிடம் கத்தினான். நான் பின்னால் போவதற்குள் கல் வந்துவிட்டது. யார் எறிந்தது என்று பார்க்கவில்லை. கண்ணில் சூடாக வழிந்தது மட்டும் தெரியும். மேலே ஆடிக்கொண்டிருந்த கேபின்களில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களுடைய வீட்டார்தான் கீழே நின்று கல் எறிந்துகொண்டிருந்தார்கள்.

போலீஸ் வந்து கலைத்தது. என்னை மந்தைவெளி கிளினிக்குக்கு அனுப்பிவிட்டார்கள். தையல் போட்டு முடிந்ததும் செந்திலுக்குப் போன் செய்தேன். அதற்குள் நிரஞ்சனே, புயல் நேராக இங்கேதான் வருகிறது, மேடம் சொல்கிறபடி செய் என்று அவனிடம் சொல்லியிருந்தார்.

"எல்லாத்தையும் இறக்கியாச்சா?"

"அல்லாத்தையும் எறக்கியாச்சு மேடம். நீ ரெஸ்ட் எடு."

பிறகு நானாகவே அஸ்மத்துன்னிசாவையும் கூப்பிட்டேன். அவர் எண் ஏற்கெனவே போனில் இருந்தது, கார்டு கொடுத்த அன்றே மிஸ்டு கால் கொடுத்திருந்தார். "எல்லாத்தையும் இறக்கியாச்சு. உங்க தலைக்கு மேல எதுவும் இருக்காது. பயப்படாதீங்க" என்றேன்.

யாருக்கும் இப்படி உறுதி கொடுத்ததில்லை நான். வலி மாத்திரையின் வேலையோ என்னவோ.

டிசம்பர் 5, வெள்ளி, காலை

கரையைக் கடப்பது இன்று மாலை. வேப்பமரம் தரையைத் தொட்டுத் தொட்டு எழுகிறது. கரண்ட் இல்லை. என் கணவர் ராமானுஜம் கொடியில் இருந்த துணியை எல்லாம் உள்ளே கொண்டுவந்து நாற்காலிகளில் விரித்துவைத்திருக்கிறார். "இன்னிக்கு ஆத்துலயே இரு. அதான் எல்லாம் இறக்கியாச்சே" என்கிறார்.

ஆமாம். இறக்கியாச்சு. காபி குடித்தேன்.

டிசம்பர் 6, சனி, காலை

 நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும். நாளைக்கு எல்லோரும் வேறு மாதிரிச் சொல்வார்கள். நானும்.

மூன்று மணி இருக்கும். அஸ்மத்துன்னிசாவின் போன். காற்று இரைச்சலில் பாதிதான் கேட்டது. "எறக்கியாச்சுன்னு சொன்னியே! எங்க எறக்கின? வந்து பாரு! தலைக்கு மேல பொட்டி ஆடிக்கினு கீது!"

செந்திலைக் கூப்பிட்டேன். அவன் ஸ்டேஷனிலேயே இருந்தான்.

"கேபின் ரோப்புலயா இருக்கு?"

"ஆமா மேடம்."

"நேத்து இறக்கியாச்சுன்னு சொன்னியே!"

"எறக்கிட்டேன் மேடம். ஒர்த்தர் பாக்கி இல்லாம எறக்கிட்டேன். கடைசியா ஒரு அம்மா எறங்க மாட்டேன்னு அழுதுச்சு, தூக்கி எறக்கினேன்."

"கேபினை, செந்தில்! கேபினை!"

"கேபினயா?" என்றான். "கேபின எறக்க மாட்டமே மேடம். ஏத்துவோம். ஷெட்டு மேல கீதுல்ல, ஷெட்டுக்கு ஏத்துறதுன்னுதான் சொல்லுவோம். ஜனத்ததான் எறக்குறது. நீங்க ஏத்துன்னு சொல்லவே இல்லியே..."

மாலையைக் கண்டுபிடித்தவள் நான். டவர் உச்சியில் இருந்த நாரைக் கண்டுபிடித்தவள். இத்தனை மாதம் இவர்களோடு வேலை செய்து, இவர்கள் கேபினை ஏற்றுகிறார்களா இறக்குகிறார்களா என்று காதில் வாங்கவில்லை.

கிளம்பினேன். ராமானுஜம் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "பைத்தியமா பிடிச்சிருக்கு நோக்கு? தலையில தையலைப் போட்டுண்டு! கேபின் விழுந்தா கம்பெனிக்காரன் பாத்துக்கறான்."

"வழியை விடுங்கோ."

விடவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சில் வைத்துத் தள்ளினேன். சுவரில் போய் இடித்தார், கண்ணாடி கழன்று விழுந்தது. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் குரல்கூட உயர்த்திக்கொண்டதில்லை. அவர் கண்ணாடியைத் தேடிக் குனிவதைப் பார்த்துக்கொண்டேதான் இறங்கிப் போனேன்.

மந்தைவெளியிலிருந்து கடற்கரைக்கு நடக்கிற தூரம்தான். நேற்று நடக்கவில்லை, சுவரைப் பிடித்து ஊர்ந்தேன். சாந்தோம் நெடுஞ்சாலையைக் கடக்கும்போது ஒரு கடையின் தகரப் பலகை சாலையோடு வெட்டிக்கொண்டு வந்து, எனக்கு முன்னால் நின்ற ஆட்டோவின் மேற்கூரையைச் சீவிக்கொண்டு போனது. ஆட்டோவில் ஆள் இல்லை. மழை, துளி மாதிரியே இல்லை, மணலோடு சேர்த்து முகத்தில் அறைந்தது. தையல் பிரிந்து மறுபடி ரத்தம். துடைக்கவில்லை, மழையே கழுவிக்கொண்டிருந்தது.

ஸ்டேஷனில் செந்திலும் இன்னும் மூன்று பேரும். கரண்ட் இல்லை, ஆனால் டீசல் இன்ஜின் இருக்கிறது. இந்தக் காற்றில் ரோப்பை ஓட்டவே கூடாது. அந்த விதியை எழுதியவள் நான். ஓட்டாமல் விட்டால், ஊர்ப் பக்கம் தொங்கும் கேபின்கள் இரவு முழுக்க வீடுகளுக்கு மேலே ஆடும். உச்சக் காற்று இன்னும் வரவே இல்லை.

நிரஞ்சன் போனில்: "தொடாதீங்க மேடம்! விதியை மீறி ஓட்டி ஏதாவது ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரன் கையை விரிச்சுடுவான்!"

"கீழ ஜனம் இருக்குய்யா!" என்று கத்தினேன். இந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "ஓட்டறது நான். எழுதி வெச்சுக்கோ. என் பேர் போட்டே எழுதி வெச்சுக்கோ!"

அந்தப் பக்கம் கட் ஆனது. அவர் வைத்தாரா, சிக்னல் போனதா, தெரியாது.

முடிவு இதுதான்: முகத்துவாரத்தின் மேல் இருக்கிற கேபின்கள் கிடக்கட்டும், விழுந்தால் தண்ணீரில் விழும். வீடுகளுக்கு மேல் இருக்கிறவற்றை மட்டும், காற்று மூச்சு விடுகிற இடைவெளி பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு இழுத்து ஷெட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். ஸ்டேஷனிலிருந்து டவர் தெரியவில்லை, மழைத் திரை. யாராவது இரண்டாம் டவரடியில் நின்று வாக்கிடாக்கியில் சொல்ல வேண்டும். நான் போனேன்.

"இழு" என்றால் இழுப்பது, "நில்லு" என்றால் நிறுத்துவது. வேறு எந்தச் சொல்லும் கூடாது என்று செந்திலிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். கிழிந்த உதட்டோடு சிரித்தான். "ஏத்து, எறக்கு ரெண்டும் கட் மேடம்."

டவரின் கால்களுக்கு நடுவில் நின்று மேலே பார்த்தால் கழுத்து ஒடிந்தது. ரோப் பல்லைக் கடிப்பது மாதிரி ஒரு சத்தம். "இழு" என்பேன், ஒரு கேபின் தலைகீழாகக் கவிழப்போவது போல் சாய்ந்தபடி டவரை நோக்கி வரும். "நில்லு!" அது ஆடி அடங்கும் வரை எண்ணாமல் காத்திருப்பேன். "இழு." டவரைத் தாண்டி ஸ்டேஷன் பக்கம் மறையும். ஒவ்வொரு தடவையும் இரும்பு இரும்பை உரசிச் சிவப்பாகப் பொறி பறந்தது, அவ்வளவு மழையிலும். இரண்டு கதவுகள் பிய்ந்து பறந்தன. ஒன்று தென்னை மரத்தில் குத்தி நின்றது.

கடைசி கேபினுக்கு முன்னால்தான் அஸ்மத்துன்னிசாவின் ஜன்னலில் வெளிச்சம் பார்த்தேன்.

தெருவில் எல்லோரும் கார்ப்பரேஷன் பள்ளிக்குப் போய்விட்டார்கள். அஸ்மத்துன்னிசா போகவில்லை. உள்ளே எமர்ஜென்சி விளக்கை வைத்துக்கொண்டு சட்டத்தின் முன்னால். கூரை ஒரு பக்கம் எழுந்து எழுந்து படிந்தது.

"கிளம்புங்க!"

"சட்டம் சந்துல போவாது மேடம். கயட்டினா வேல அல்லாம் போச்சு. ஞாயித்துக்கெழம டெலிவரி, கல்யாணப் பொண்ணுக்குத் திங்கக்கெழம முகூர்த்தம். நீதான் எறக்கியாச்சுன்னு சொன்ன, நம்பிக்கினு குந்திக்கினேன். இப்ப வந்து கெளம்புன்ற?"

"அது வேற... நான் சொன்னது வேற அர்த்தம். வாங்க, விழப்போகுது."

"வாய்ப்புக் கொறவுன்னு சொன்ன?"

"விழும்!" என்றேன். "வுழும் அஸ்மத்! வுழும், வுழும், வுழும்! போதுமா? எழுந்திரு!"

பொய். எனக்குத் தெரியாது. விழலாம், விழாமலும் போகலாம். கையில் கணக்கு எதுவும் இல்லை.

கையைப் பிடித்து இழுத்தேன். அவர் சட்டத்தின் கட்டையைப் பற்றிக்கொண்டார். விரலைப் பிரித்தேன். என் மணிக்கட்டைக் கடித்துவிட்டார். பல் பதிந்த இடம் இப்போதும் நீலமாக இருக்கிறது. ஒரு அறையும் கொடுத்தார், தையல் போட்ட பக்கத்திலேயே. நானும் அறைந்தேன். இரண்டு நடுத்தர வயதுப் பெண்கள், ஒரு அறைக்குள், ஒருவர் முடியை ஒருவர் பிடித்துக்கொண்டு. அப்போது தரையில் கத்தரி கிடந்தது. எடுத்தேன். சட்டத்தில் முரசுத்தோல் மாதிரி விறைத்திருந்த சிவப்புப் பட்டின் நடுவே குத்தி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை கிழித்துவிட்டேன்.

அவர் கத்துவதை நிறுத்தினார். கிழிந்த துணியையே பார்த்தார். பிறகு என்னை. அப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை.

"இப்ப உட்கார ஒண்ணும் இல்ல. வா" என்றேன்.

துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து நடந்தார். எனக்கு முன்னாலேயே. வாசலைத் தாண்டும்போது, "நீ நாசமாப் போவ" என்றார், சாதாரணமாக.

தெரு முனைக்கு வந்ததும் "இழு" என்றேன். என் அவசரம்தான். காத்திருக்க வேண்டும், காத்திருக்கவில்லை. கடைசி கேபின் டவரை நெருங்கும்போது மூன்று பக்கமிருந்தும் காற்று வந்தது மாதிரி ஒரு அடி. கேபின் ஒரு சுற்றுச் சுற்றி டவரின் உச்சியில் மோதியது. அந்தச் சத்தத்தில் அஸ்மத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கேபினை ரோப்போடு சேர்க்கும் இரும்புக் கை முறுக்கிக்கொண்டு டவரின் கம்பிகளுக்குள் சிக்கியது. கேபின் பக்கவாட்டில் தொங்கியது. நேர் கீழே அவர் கூரை.

"நில்லு நில்லு நில்லு" என்று நான் கத்திக்கொண்டே இருந்தேனாம். செந்தில் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தான்.

பள்ளியில் அவரைக் கொண்டுபோய் விட்டேன்.  உச்சக் காற்று அதற்குப் பிறகுதான் வந்தது.

இன்று காலை செந்தில் போட்டோ அனுப்பினான். கேபின் அப்படியே தொங்குகிறது. கீழே வீடு அப்படியே இருக்கிறது. கூரையில் ஒரு தகரம்கூட விலகவில்லை.

விழவில்லை.

டிசம்பர் 6, சனி, மாலை

காலையில் நிரஞ்சனைப் பார்த்தேன். தொங்கும் கேபினை ஊரே படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறது. அவருக்கு அது ஒன்றுதான் கண்ணில் தெரிகிறது. தெளிவாகச் சொன்னேன், சந்தேகத்துக்கு இடமில்லாத சொற்களில்: இரும்புக் கை முறுக்கியிருக்கிறது. ரோப்பை ஒரு சாண்கூட நகர்த்தக் கூடாது. பெரிய கிரேன் வந்து கேபினைத் தாங்கிப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். அதுவரை கீழே யாரும் வரக் கூடாது. எழுதியும் கொடுத்தேன். கிரேன் பெருங்குடியில் வெள்ளத்தில் மாட்டியிருக்கிறது, செவ்வாய்க்கிழமை ஆகும் என்றார். ஆகட்டும் என்றேன். "சரி மேடம், சரி மேடம்."

மத்தியானம் காலிங்பெல். அஸ்மத்துன்னிசா, தலையில் மரச்சட்டத்தோடு. சட்டம் பிரித்து எடுத்தால் நான்கு கட்டைகள்தானாம், சந்தில் போகும். துணி கட்டியிருந்தால்தான் போகாது.

"வுழல" என்றார்.

"விழல."

"பொய் சொல்லி அறுத்தல்ல? நாளிக்குள்ள நான் இத்த முடிக்கணும். ஸ்கூல்ல எடம் இல்ல, வெளிச்சம் இல்ல, ஒரே பசங்க சத்தம். அறுத்தவ நீ. நீ எடம் குடு."

ராமானுஜம் உள்ளேயிருந்து, "யாரு வந்திருக்கா?" என்றார். கண்ணாடியின் ஒரு கையில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார். நேற்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. அஸ்மத் என் முகத்தையும் என் மணிக்கட்டையும் இவர் கண்ணாடியையும் பார்த்தார்.

"ஒங்களயும் அடிச்சிச்சா?" என்று இவரிடம் கேட்டார்.

இவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "தள்ளினா" என்றார். பிறகு கூடத்துக் கட்டிலில் காயப் போட்டிருந்த துணிகளை எல்லாம் எடுத்து இடம் பண்ணிக் கொடுத்தார். அவர் ஆணி கேட்டார். இவர் சுத்தியலும் கொண்டுவந்தார். நல்ல தேக்குக் கட்டில்.

கிழிசலின் இரண்டு ஓரத்தையும் சேர்த்து வைத்து, உள்பக்கம் ஒரு துணி கொடுத்து, வெட்டு போன வழியிலேயே ஒரு ஜரிகைப் பூக்கொடி ஓட்டப்போகிறாராம். கோணலாகத்தான் போகும் என்கிறார். "கையி நடுங்கி அறுத்துக்கீற. நேரா அறுத்திருந்தா எனுக்கு வேல கொறவு."

இருட்டும் வரை தைத்தார். மீதியைக் காலையில் வந்து முடித்துக்கொண்டு அப்படியே டெலிவரி கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவதாகச் சொல்லிப் பள்ளிக்குப் போனார். வீட்டுக்கு இப்போது போகக் கூடாது என்றேன்.

"ஏன், வுழுமா?"

டார்ச்சை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். 

டிசம்பர் 7, ஞாயிறு

காற்றே இல்லை. வேப்பமரத்தில் ஒரு இலை அசையவில்லை. காலையிலிருந்து நல்ல வெயில்.

பள்ளியைக் காலையிலேயே காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். பட்டினப்பாக்கத்து ஜனம் வீடு திரும்பிவிட்டது. அஸ்மத் மட்டும் நேராக இங்கே வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். கொடியில் பாதி மிச்சம்.

பதினொரு மணிக்கு மேல் செந்தில் கூப்பிட்டான். 

நிரஞ்சன் வந்தாராம். கிரேனுக்குக் காத்திருக்க முடியாது, படம் எடுக்கிறவர்கள் தொல்லை, மெதுவாகப் பின்னுக்கு ஓட்டினால் தானே விடுபட்டு வந்துவிடும் என்றாராம். செந்தில் மாட்டேன் என்றிருக்கிறான். அவனைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு வேறு ஆளை வைத்து இன்ஜினை ஓட்டினாராம். ரோப் ஒரு சாண் நகர்ந்திருக்கிறது.

"வுழுந்துடுச்சு மேடம்."

"யாராவது?"

"தெருவுல ஜனம் நின்னுச்சு, சத்தம் கேட்டு ஓடிட்டாங்க. ஆனா... அஸ்மத்தக்கா வூட்டு மேலதான் மேடம். வூடே இல்ல. அக்காவக் காணோம். பூட்டு தொறந்து கீது, உள்ள இருந்துச்சான்னு தெரியல, நாங்க கையாலயே பேத்துக்கினு..."

"செந்தில். அவங்க இங்க இருக்காங்க. எங்க வீட்ல."

அந்தப் பக்கம் அவன் தரையில் உட்காருவது கேட்டது. பிறகு யாரையோ, "நிறுத்துடா, தோண்டாத, அக்கா கீது" என்றான். பிறகு அழுதான்.

போனை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். அவர் நிமிரவில்லை. எப்படிச் சொல்வது என்று யோசித்தேன், வேறு எப்படியும் சொல்ல முடியாது என்று தெரிந்தது.

"வுழுந்துடுச்சு" என்றேன்.

போட்டுக்கொண்டிருந்த கண்ணியை முடித்து, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்தார்.

"எங்க?"

"உன் வீட்டு மேல."

"எந்தப் பக்கம்?"

"வீடே இல்லையாம்."

கொஞ்ச நேரம் துணியைத் தடவிக்கொண்டே இருந்தார். "சட்டம் போடுற எடம்" என்றார். பிறகு, "அப்ப நீ சொன்னது பொய் இல்ல."

"பொய்தான். தெரியாமத்தான் சொன்னேன்."

ராமானுஜம், ஏதோ ஒரு சக்திதான், யார் புண்ணியமோ என்று ஆரம்பித்தார். கையைக் காட்டினேன், நிறுத்திக்கொண்டார். ஒருவன் இன்ஜினை ஓட்டினான், அதனால் விழுந்தது. இவள் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு இங்கே இருந்தாள். இதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

அவர் அழுவார் என்று காத்திருந்தேன். அழவில்லை. சட்டத்தின் மேல் குனிந்து துணியைப் பார்த்தார். கொடி கோணலாகப் போய் முக்கால் தூரத்தில் நின்றது.

"செவப்பு நூலு தீந்துட்ச்சு" என்றார். "கொடிக்கு ஓரம் கட்டணும். கட இருக்குமா?"

பை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மந்தைவெளி மார்க்கெட் பக்கம் ஒரே ஒரு கடை பாதி ஷட்டரைத் தூக்கி வைத்திருந்தது. குனிந்து உள்ளே போய், அவர் கொடுத்த துணித் துண்டைக் காட்டி, அதே சிவப்பு வாங்கி வந்தேன்.